அந்த ஃபீல்டை எங்க சேர்க்கப் போறீங்க?

அம்பத்தூர் எஸ்டேட்ல ஜாப் ஒர்க் பண்ற ஒரு லேத் பட்டறை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டா அவங்களுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டுத் தர்றீங்கன்னு வச்சுக்கோங்க. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் உருவாக்கிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. முதல் நாளே ஓனர் கேட்பார்: "தம்பி, பார்ட்டியோட டிசி நம்பரும் தேதியும் டெலிவரி நோட்ல வரணுமே?"

நியாயமான கேள்விதான். ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக 1 வருஷத்துக்குள்ள திரும்பணும். இல்லேன்னா அனுப்பின அன்னிக்கே சப்ளை பண்ணதா எடுத்துக்கிட்டு, பார்ட்டி மேல வரி விழும். அந்தத் தேதி தொலைஞ்சா சண்டை பட்டறை வாசலுக்குத்தான் வரும்.

நம்ம கை உடனே எங்க போகும்? டெலிவரி நோட்டோட ஜேசான் ஃபைலைத் திறந்து ரெண்டு ஃபீல்டைச் சேர்த்துடுவோம். வேலையும் செய்யும். ஆறு மாசம் கழிச்சு அப்டேட் போடும்போதுதான் வம்பு. லோக்கல் மாற்றம் இருக்குன்னு அப்டேட் நின்னுடும். ரீசெட் கொடுத்தா புது ஜேசான் வந்து உட்காரும். உங்க ஃபீல்டு ஃபார்ம்ல இருக்காது. வேடிக்கை என்னன்னா, டேட்டாபேஸ்ல அந்தத் தகவல் அப்படியே கிடக்கும். ஆனா திரையில வராத தகவல் ஓனருக்குத் தொலைஞ்ச தகவல்தான்.

மாடல்-டிரிவன் டெவலப்மெண்ட்னா யூஎம்எல் படம் வரைஞ்சு கோட் ஜெனரேட் பண்றதுன்னுதான் நாம படிச்சிருப்போம். ஃப்ராப்பே வேற வழியில போகுது. அங்க டாக்டைப்தான் மாடல்: என்னென்ன ஃபீல்டு, எது கட்டாயம், யாருக்கு அனுமதி, எல்லாம் அதுல இருக்கும். டேபிள், ஃபார்ம், ரெஸ்ட் ஏபிஐ எல்லாம் அதை வச்சுத்தான் அமையுது.

அதனால சரியான இடம் 'கஸ்டமைஸ் ஃபார்ம்'. அங்க புதுசா சேர்க்குற ஃபீல்டு 'கஸ்டம் ஃபீல்டு'ன்னு தனி ரெக்கார்டா சேமிக்கப்படும். இருக்குற ஃபீல்டோட லேபிளை மாத்தினா அது 'ப்ராப்பர்ட்டி செட்டர்' ரெக்கார்டு. ஃபார்ம் திறக்கும்போது ஒரிஜினல் டாக்டைப் மேல இந்த ரெண்டும் வந்து சேரும். அப்டேட் மாத்துறது ஒரிஜினலை மட்டும்தான். வாடகை வீட்டுச் சுவரை இடிக்காம பீரோ வாங்கிப் போடுற மாதிரி.

இதுலயும் ஒரு பொறி இருக்கு. ஓனர் பயன்படுத்துற சைட்லயே நேரா க்ளிக் பண்ணிட்டு வந்தா, மாற்றம் அந்த டேட்டாபேஸ்ல மட்டும் இருக்கும். கிட்ல இருக்காது, உங்க டீம்மேட்டுக்கும் தெரியாது. சொந்தமா ஒரு ஆப் உருவாக்கி, ஃபிக்ஸ்சரா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க.

எல்லாத்தையும் க்ளிக்லயே முடிச்சுடலாம்னு சொல்றவங்களை நான் நம்புறதில்லை. ரிஜெக்ட் ஆன பீஸைக் கழிச்சுக் கூலி போடணும்னா கோட் எழுதித்தான் ஆகணும். நம்ம ஊர் ஜோஹோகூட, ஃபார்மை இழுத்துப் போட்டு ஆப் செய்யுற க்ரியேட்டருக்கு டெல்யூஜ்னு ஒரு ஸ்கிரிப்ட் மொழி வச்சிருக்கு. ஃப்ராப்பேயில அந்தக் கோடும் உங்க ஆப்புக்குள்ளதான், ஹுக்ஸ் வழியா.

ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி காப்பி சைட் ஒண்ணுல அப்டேட் போட்டுப் பாருங்க. டிசி நம்பரும் தேதியும் அப்பவும் ஃபார்ம்ல வருதுன்னா, அம்பத்தூருக்கு பஸ் ஏறலாம்.