வெங்காயக் கரும்பொடியும் எலுமிச்சைப் புளிப்பும்

பால் கலக்காத டீயில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் நிறம் வெளுத்துப் பொன்னிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைச் சாயத்துக்கு அமிலம் பட்டால் நிறம் மாறும் குணம் உண்டு. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் அதே டீ கருத்துவிடும். ஆக, புளிப்பு இருக்கிறதா என்று சொல்லும் நிலைகாட்டி உங்கள் கையிலேயே இருக்கிறது. எவ்வளவு புளிப்பு, எந்தப் புளிப்பு என்று சொல்லத்தான் அதற்குத் தெரியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஐ.என்.எஸ். 330 என்று பொடி எழுத்தில் இருக்கும். சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் பிழிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1784இல் ஸ்வீடனின் ஷீலே, எலுமிச்சைச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தார். கால்சியம் சிட்ரேட் அடியில் படிந்தது. அதில் கந்தக அமிலம் ஊற்றினார். கால்சியம் ஜிப்சமாகப் பிரிய, சிட்ரிக் அமிலம் கரைசலில் நின்றது. பின்னாளில் இத்தாலியின் எலுமிச்சைத் தோட்டங்கள்தான் இந்தச் சரக்கின் பிடியை வைத்திருந்தன. முதல் உலகப் போர் அந்த வரத்தைக் குலைத்தது.

மாற்று வழிக்கான விதை முன்பே விழுந்திருந்தது. 1893இல் ஜெர்மனியின் வெமர், சர்க்கரையில் வளரும் பூஞ்சை சிட்ரிக் அமிலம் தருவதைக் கண்டார். 1917இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கரி அதைவிடக் கெட்டிக்காரப் பூஞ்சை ஒன்றைக் காட்டினார்: ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். அது உங்களுக்குப் பழக்கமானதுதான். பழைய வெங்காயத்தை உரிக்கும்போது விரலில் ஒட்டும் கரும்பொடி பெரும்பாலும் இதன் வித்துத்தூள். 1919இல் ஃபைசர் நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் சர்க்கரையிலிருந்து அமிலம் எடுக்கத் தொடங்கியது. அந்த வேலையில் பெற்ற கைப்பழக்கம்தான் 1944இல் பெனிசிலினைப் பெருமளவில் காய்ச்ச உதவியது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கரும்பொடியின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்தப் பூஞ்சையை வேலை வாங்கும் விதம்தான் அழகு. நன்றாகத் தீனி போட்டால் அது உடம்பை வளர்த்துக்கொள்ளும், அமிலம் தராது. அதனால் சர்க்கரையை மட்டும் தாராளமாக, நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் கொடுக்கிறார்கள். மாங்கனீசை ஏறக்குறைய முற்றிலும் மறுக்கிறார்கள். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே விளைச்சல் சரியும். தட்டுப்பாட்டில் பூஞ்சை இழை இழையாகப் படராமல் குட்டையாகத் தடித்துச் சிறு மணிகளாகத் திரளும். உள்ளே வந்த சர்க்கரையை முழுதும் செரிக்க முடியாமல் சிட்ரிக் அமிலமாக வெளியே தள்ளும். காற்றை இடைவிடாமல் ஊதியபடி இருக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை அமிலமாவதற்குப் பிராணவாயு செலவாகிறது. கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 192 கிராம் வரை கிடைக்கலாம். போட்டதைவிட எடை கூடுதல்!

கரைசலின் பி.எச். 2ஐ ஒட்டி நிற்க வேண்டும். 5 பக்கம் ஏறினால் அதே பூஞ்சை, அதே சர்க்கரையிலிருந்து ஆக்சாலிக் அமிலத்தையும் குளுக்கோனிக் அமிலத்தையும் செய்யத் தொடங்கிவிடும். அளவிடுதல் முக்கியமாவது இங்கேதான்.

பள்ளி ஆய்வகத்தில் செய்த தரம்பார்த்தல் நினைவிருக்கிறதா? ஒரு மில்லி கரைசலை எடுத்து, தண்ணீர் சேர்த்து, கரியமில வாயு போகக் கொதிக்கவிட்டு, இரண்டு சொட்டு பினாப்தலீன் விடுங்கள். பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக இறங்கட்டும். வெளிர் ரோஜா நிறம் வந்து மறையாமல் நின்றால் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லியும் 6.4 மில்லிகிராம் சிட்ரிக் அமிலத்துக்குச் சமம். 15.6 மில்லி செலவானால் சுமார் 100 மில்லிகிராம், அதாவது நூற்றுக்குப் பத்து.

ஆனால் காரத்துக்கு ஆள் பேதம் கிடையாது. அது ஆக்சாலிக்கையும் குளுக்கோனிக்கையும் சேர்த்தே எண்ணிவிடும். பூஞ்சைத் தொட்டி வழிதவறிப் போன நாளிலும் பியூரெட் நல்ல எண்ணையே காட்டக்கூடும். எனவே எந்த அமிலம் என்று அறிய ஹெச்.பி.எல்.சி. கருவிக்குப் போகிறார்கள். பிசின் அடைத்த குழலில், நீர்த்த கந்தக அமிலத்தின் ஓட்டத்தோடு மாதிரியைத் தள்ளினால் ஒவ்வொரு அமிலமும் தனக்குரிய நேரத்தில் வெளியேறும். முதலில் ஆக்சாலிக், பின்னால் சிட்ரிக். வாசலில் 210 நானோமீட்டர் புறஊதா ஒளி அவற்றைப் பிடித்து ஆளுக்கொரு முகடாகத் தாளில் வரைகிறது. முகட்டின் பரப்பு அளவைச் சொல்லும். வந்த நேரம் பெயரைச் சொல்லும். சிட்ரிக்குக்கு முன்னால் சின்னதாக ஒரு முகடு தலைகாட்டினால், தொட்டியருகில் இருப்பவர் முதலில் பி.எச். மானியைத்தான் பார்ப்பார்.

அமிலத்தைப் பிரிக்கும் வேலைக்கு இன்றும் பல ஆலைகளில் ஷீலேயின் அதே சுண்ணாம்பும் அதே கந்தக அமிலமும்தான். ஒரு டன் அமிலம் எடுத்தால் ஒரு டன்னுக்கும் மேல் ஜிப்சம் ஒதுங்குகிறது.