பெங்களூரில் மழை கொட்டுது, அப்புறம் ஏன் டேங்கர் வருது?

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் ஒரே நாளில் 111 மி.மீ. மழை. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்து 133 ஆண்டுகளில் பார்த்ததில்லை. அன்று ராத்திரி எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்தடுத்து இரண்டு மெசேஜ். முதலாவது: "பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுது, காரை எடுங்க." அடுத்தது: "நாளைக்கு டேங்கர் எத்தனை மணிக்கு?"

படிக்கச் சிரிப்பாக இருந்தாலும் இரண்டுமே நியாயமான மெசேஜ்தான். தலைக்கு மேல் பெய்கிற மழை, குழாயில் வரும் ஆற்றுத் தண்ணி, போர்வெல்லில் ஏறும் நிலத்தடி நீர் மூன்றும் தனித்தனிக் கணக்கு. ஒன்றில் வரவு வைத்தால் மற்றதில் ஏறாது. ஏறினாலும் பல மாதம் தள்ளித்தான் ஏறும்.

குழாய்த் தண்ணி எங்கிருந்து வருது?

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஒரு காலத்தில் அர்க்காவதி ஆறும், அதன் திப்பகொண்டனஹள்ளி அணையும் தண்ணி கொடுத்தன. ஆறு மெலிந்து, கழிவும் கலந்து, 2012-இல் அந்த சப்ளை நின்றது. இன்று குழாயில் வருவது காவிரி. சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் இடத்திலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து ஏற்றுகிறார்கள்.

அந்தக் காவிரியை நிரப்புவது குடகில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. பெங்களூரின் நல்ல மழையோ பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் பெய்யும். மே மாதக் கோடை மழை அதற்கு ஒரு டிரெய்லர். ஆகவே சில்க் போர்டில் முழங்கால் அளவு தண்ணி நின்றாலும், கிருஷ்ணராஜ சாகர் அணையில் அதனால் ஓர் அங்குலம்கூட ஏறாது.

2023-இல் குடகின் கணக்கே சொதப்பியது. அந்த ஆகஸ்டில் நாடு முழுக்க மழை இயல்பைவிட 36 சதவீதம் குறைவு. 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

அப்போ 2024 கோடையில் காவிரி நின்னுபோச்சா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. 2024 மார்ச்சில் முதல்வர் சித்தராமையா சொன்ன கணக்கைப் பாருங்கள். நகரத்தின் ஒரு நாள் தேவை 260 கோடி லிட்டர். காவிரியிலிருந்து 147 கோடி, போர்வெல்லிலிருந்து 65 கோடி. மீதி சுமார் 50 கோடி பற்றாக்குறை. அரசின் 14,000 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்றும் அவர் சொன்னார். ஓட்டை விழுந்தது ஆற்றில் அல்ல, நிலத்தடியில். அதனால்தான் மல்லேஸ்வரத்தில் இருந்தவருக்கு அது பெரும்பாலும் செய்தி. ஒயிட்ஃபீல்டில் இருந்தவருக்கு வீட்டுப் பிரச்சினை. டேங்கர் விலை ஏறிய ஏற்றத்தில், 12,000 லிட்டருக்கு 5 கி.மீ. தூரம் வரை 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது.

இங்கே என்னைக் குடைந்த கேள்வி வேறு. 2022-இல் பெங்களூர் தன் வரலாற்றிலேயே அதிக மழையைப் பார்த்தது: 1,950 மி.மீ.க்கு மேல், ஆண்டு சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரே வருஷ வறட்சியில் அத்தனையும் எங்கே போனது?

அடியில் பாறை, மேலே சிமென்ட்

பெங்களூருக்கு அடியில் இருப்பது கிரானைட், நைஸ் மாதிரியான கெட்டிப் பாறை. மணல் படுகை போல அது தண்ணியை உறிஞ்சி வைக்காது. மேலே கொஞ்ச ஆழத்துக்குச் சிதைந்த பாறை அடுக்கு, அதில் ஓரளவு தண்ணி நிற்கும். அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும்தான். ஆயிரம் அடி போர் போட்டு ஒரு விரிசலைப் பிடித்தால் அதிர்ஷ்டம். ஆனால் அந்த விரிசல் மறுபடி நிறைய நாளாகும்.

மேலேயும் வழி அடைபட்டிருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழுவின் கணக்குப்படி, 1973-இல் நகரப் பரப்பில் சுமார் 8 சதவீதமாக இருந்த கட்டடமும் தார்ச்சாலையும் இப்போது 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. பெய்கிற மழை ராஜகாலுவே என்கிற வடிகால்களில் சில மணி நேரத்தில் ஊரைவிட்டே போய்விடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நகரப் பரப்பு சுமார் 700 சதுர கி.மீ.; ஆண்டு மழை சுமார் 970 மி.மீ. என்று வைத்தால் மொத்தம் 24 டிஎம்சி வருகிறது. 2024 கோடையில் ஓடிய அளவில் வருஷம் முழுக்க வரும் காவிரித் தண்ணி சுமார் 19 டிஎம்சி. அத்தனை மழையையும் பிடிக்க முடியாதுதான், ஆவியாகிப் போவது மட்டுமே பெரும் பங்கு. ஆனாலும் தலைக்கு மேலே விழுவது, பம்ப் செய்து கொண்டுவருவதைவிட அதிகம்.

இன்னொரு விநோதம். அதே கழகத்தின் எம். சேகர் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நகர மையத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலாகவும், புறநகரில் மிக ஆழத்திலும் இருந்தது தெரிந்தது. மையத்தில் நிலத்தை ஊறவைப்பதில் கசியும் குழாய்களுக்குப் பெரிய பங்கு! புறநகரில் குழாயே இல்லை, கசிவு எங்கிருந்து வரும்? அங்கே உறிஞ்சுவது மட்டும்தான். எனவே "மாவட்டத்தில் நிலத்தடி நீர் உயர்ந்தது" என்று நவம்பரில் செய்தி வந்தால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். சராசரி மையத்தையும் புறநகரையும் ஒன்றாகக் கலக்கிவிடும். மேல் அடுக்குக் கிணறு நிறைந்தால் ஆயிரம் அடி போரும் நிறைந்தது என்றும் ஆகாது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கு

காவிரி நடுவர் மன்றம் பங்கு பிரித்தபோது, பெங்களூரின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீரே பார்த்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூர் குடிநீருக்கு. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. அதில் ஆகஸ்டின் பங்கு மட்டும் 45.95 டிஎம்சி. குடகு ஏமாற்றும் மாதத்தில்தான் டெல்டாவும் பெங்களூரும் ஒரே அணையைப் பார்த்து நிற்கின்றன.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது: நாளுக்கு 77.5 கோடி லிட்டர், குறிப்பாகப் புறநகரின் 110 கிராமங்களுக்கு. போர்வெல் மேல் இருந்த பாரம் குறையும், நல்லதுதான். ஆனால் குடகின் ஆகஸ்டை நம்பியிருப்பவர்கள் எண்ணிக்கை அதே அளவுக்குக் கூடும்.

வீடு தேடும்போது "24 மணி நேரமும் தண்ணி வரும் சார்" என்று புரோக்கர் சொல்வார். எந்தத் தண்ணி என்று கேளுங்கள். காவிரி இணைப்பு நிஜமாகவே ஓடுதா, விண்ணப்பம் மட்டும் போட்டிருக்காங்களா? போர் எத்தனை அடி, போன ஏப்ரலில் எத்தனை டேங்கர் வந்தது? பில் புத்தகத்தை அசோசியேஷனில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். காவிரி இணைப்பு இருக்கும் வீடு என்றால், கேஆர்எஸ் அணையின் முழு மட்டம் 124.8 அடி. ஆகஸ்ட் கடைசியில் அது எவ்வளவு தொட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த மார்ச்சுக்கு பட்ஜெட் போடுங்க.