குடிபெயரும் தொலைபேசியும் குடிமகனின் உரிமையும்

செஞ்சி வட்டத்துப் பேரூராட்சியாகிய அனந்தபுரத்தில் வாழும் ஒரு குடும்பம், பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்தோ, உத்தியோக மாற்றத்தின் நிமித்தமோ, விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ குடிபெயர நேர்ந்தால், வண்டி வாடகை, வீட்டு அட்வான்ஸ், பால் காய்ச்சும் நாளின் செலவு ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் அகப்படாமல் பின்னால் வந்து நிற்பது தொலைபேசி இணைப்புக்கான கட்டணம். பத்து வருஷ காலமாகத் தவறாமல் பில் கட்டிய சந்தாதாரரிடம், நேற்றுத்தான் விண்ணப்பித்தவரிடம் கேட்பதைப் போலவே, நிறுவும் கட்டணமும் டெபாசிட்டும் மீண்டும் கேட்கப்படும்போது அவர் மனம் குமுறுவது இயல்பே. ஆயினும், இவ்வளவு சிறிய தொகைக்காக யாரோடு வழக்காடுவது என்ற அலுப்பில் பெரும்பாலோர் பணத்தைச் செலுத்திவிட்டு மௌனமாகி விடுகின்றனர். அந்த மௌனம் தகாது என்பதும், நியாயம் கேட்பதற்கான மார்க்கம் இன்று நம் ஜில்லாவின் தலைநகரிலேயே திறந்திருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் பட்சபாதமின்றிப் பார்த்துவிட வேண்டும். கைபேசி அதன் சொந்தக்காரரோடு நடந்து செல்கிறது. கம்பித் தொலைபேசியோ வீட்டோடு கட்டுண்டு கிடக்கிறது. லைன்மேன் பழைய வீட்டில் இணைப்பை விடுவித்து, புதிய தெருவின் கம்பத்திலோ பெட்டியிலோ இடமிருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்து வாசல் வரை கம்பி இழுத்து, சோதித்துக் கொடுத்தாக வேண்டும். ஃபைபர் இணைப்பானால், தலைமயிர் அளவேயுள்ள கண்ணாடி இழைகளின் முனைகளை இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். இந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது. மேலும், செஞ்சிக்கு 04145, விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147 என்று குறியீடுகள் வெவ்வேறாக இருப்பதால், ஒரே ஊருக்குள் வீடு மாறுகிறவரின் எண் பெரும்பாலும் அப்படியே நிலைக்க, ஒரு குறியீட்டின் எல்லையிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவர் பழைய எண்ணைக் கைவிட நேர்கிறது. நிறுவனம் மாறினாலும் எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி 2011 முதல் நாடெங்கும் கைபேசிக்குக் கிடைத்திருக்கிறதே ஒழிய, வீட்டுத் தொலைபேசிக்குக் கிடைக்கவில்லை.

விவாதம் எழுவது இதற்கு அப்பாலே. இடமாற்றம் வேண்டி விண்ணப்பித்தவரைப் புதிய சந்தாதாரராகப் பதிவு செய்வதும், பழைய டெபாசிட்டைத் திருப்பாமலே புதிய டெபாசிட் கேட்பதும், வீட்டிலுள்ள மோடமே பயன்படும்போது இன்னொன்றின் விலையைச் சேர்ப்பதும், விண்ணப்பத்தின்போது வாய்மொழியாகச் சொன்ன தொகை ஒன்றும் பில்லில் அச்சான தொகை வேறொன்றுமாக இருப்பதுமே சச்சரவின் காரணங்கள். ஆகையால் பில் கைக்கு வந்தவுடன் மொத்தத் தொகையைப் பார்த்துத் திகைக்காமல், ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். தொலைத்தொடர்புச் சேவைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, ஆனால் திருப்பித் தரவேண்டிய டெபாசிட், சேவைக்குரிய விலையாகக் கழித்துக்கொள்ளப்படும் வரையில், 2017ஆம் வருஷத்து ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி விலையாகக் கருதப்படுவதில்லை. எனவே, டெபாசிட் என்ற பெயருள்ள வரியின்மீதே ஜி.எஸ்.டி. கணக்கிடப்பட்டிருந்தால், ‘இது திரும்பி வரும் பணமா, கட்டணமா?’ என்று கேட்பதற்கு அந்தப் பில்லே போதிய ஆதாரமாகும்.

இப்படிக் கேட்கும் உரிமை நமக்கு எளிதில் வந்ததன்று. 1882இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தொடங்கிய பின், 1885இல் இயற்றப்பட்ட இந்தியத் தந்திச் சட்டமே சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் தொலைபேசியை ஆண்டுவந்தது. இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த அந்நாளில், கிடைத்த தொலைபேசியே பெரும் பாக்கியமாக இருந்தபடியால், கட்டணத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியவர்கள் சொற்பம். அச்சட்டத்தின் 7பி பிரிவு, தந்தி அதிகாரிக்கும் சந்தாதாரருக்கும் கம்பியையோ கருவியையோ பற்றி எழும் தகராறு, மத்திய அரசு நியமிக்கும் நடுவரால் தீர்க்கப்பட வேண்டும் என்றும், அவர் தீர்ப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கலாகாது என்றும் விதித்தது.

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, ஜில்லா தோறும் மன்றங்கள் ஏற்பட்டபோது, சந்தாதாரர்கள் அவற்றை நாடத் தொடங்கினர். ஆனால், பில் பாக்கிக்காக இணைப்புத் துண்டிக்கப்பட்ட கோழிக்கோட்டுச் சந்தாதாரர் ஒருவருக்கு, இணைப்பைத் திரும்பக் கொடுத்து 5,000 ரூபாய் நஷ்டஈடும் தரவேண்டும் என்று அங்குள்ள மன்றம் இட்ட உத்தரவை, 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 7பி என்னும் விசேஷப் பரிகாரம் இருக்கையில் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அதன் தீர்மானம். அந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே, அரசுத் தந்தி அதிகாரியின் ஸ்தானத்தில் இல்லாத தனியார் நிறுவனங்களும் புகார்களைத் தடுத்து வந்தன.

இந்தக் கதவைத் திறந்தது ஆமதாபாத் வாடிக்கையாளர் ஒருவரின் விடாமுயற்சி. மாதத்துக்குச் சராசரியாக 555 ரூபாய் கட்டிவந்த தமக்கு, 2013 நவம்பர், டிசம்பரில் அடங்கிய ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய்க்கு மேல் பில் வந்ததைக் கண்டு அவர் ஜில்லா மன்றத்துக்குச் சென்றார். மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று சாதித்த வோடஃபோன் ஐடியா நிறுவனம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிற்று. 2022 பிப்ரவரி 16ஆம் தேதி நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, நுகர்வோர் சட்டம் தருவது மற்றச் சட்டங்களின் பரிகாரத்தோடு கூடுதலான ஒன்று என்றும், 7பி பிரிவு நுகர்வோர் மன்றத்தின் அதிகாரத்தை நீக்கிவிடவில்லை என்றும் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவைகளின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இந்த உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரு மாதத்துப் பில்லைத் தட்டிக் கேட்ட ஒரு மனிதரால் தேசத்திலுள்ள சந்தாதாரர் அனைவருக்கும் வழி பிறந்தது என்பதை, சிறு தொகை என்று அலட்சியம் செய்கிறவர்கள் சிந்திக்க வேண்டும்.

ஆனால் மன்றத்துக்குப் போகுமுன் ஏறவேண்டிய படிகள் உண்டு. நிறுவனத்தின் புகார் மையத்தில் முறையிட்டு, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வது முதற்படி. எண் இல்லாத புகார் காற்றோடு போன பேச்சே. அங்கே கிடைத்த பதிலில் திருப்தி இல்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2012இல் வகுத்த விதிகளின்படி, 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். டிராய் விதிகளை வகுக்குமேயன்றித் தனிமனிதரின் வழக்கைத் தானே விசாரிப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். அதன் பிறகும் நியாயம் கிட்டாவிட்டால், தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷங்களுக்குள், விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்தப் பட்டணத்தில் இருந்தாலும், மனுதாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீல் இல்லாமல் தாமே வாதிடவும் தடையில்லை.

வழக்கின் பலமெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஆகவே வீடு மாறுகிறவர், தமக்கு வேண்டியது இடமாற்றமே, புதிய இணைப்பன்று என்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதி, பழைய எண், டெபாசிட் ரசீதின் தேதி, தம்மிடமுள்ள மோடத்தின் வரிசை எண் ஆகியவற்றையும் அதில் குறித்து, அலுவலக முத்திரையோடு ஒரு நகலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கட்டணம் இன்னின்ன என்று எழுத்தில் அறிந்த பிறகே சம்மதம் தரவேண்டும். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ரசீது வாங்க வேண்டும். ரசீதில்லாத மோடம் பின்னொரு நாள் பாக்கித் தொகையாக உருவெடுத்து வரக்கூடும்.

நியாயமான கூலியைக் கொடுக்க நம் மக்கள் ஒருநாளும் தயங்கியதில்லை. வாசலில் கம்பி இழுக்கும் லைன்மேனுக்கு மோர் கொடுத்து உபசரிக்கிற ஜனங்கள் இவர்கள். காரணம் சொல்லப்படாத தொகையைக் கொடுக்க மறுப்பது கஞ்சத்தனமும் அன்று, வம்பும் அன்று. ஒருவரிடம் வாங்கப்படும் இருநூறு ரூபாய் அவருக்குச் சிறிதாயினும், கேள்வியே இல்லாமல் பல்லாயிரம் பேரிடம் வாங்கப்படும்போது அது ஒரு வழக்கமாக ஸ்திரப்பட்டு, நாளடைவில் விதியைப் போலவே நடமாடத் தொடங்குகிறது. அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தன் பில்லின் ஒரு வரிக்கு விளக்கம் கேட்டு எழுத்தில் பதில் பெறுமானால், அதே தெருவுக்கு அடுத்த மாதம் குடிவரும் குடும்பத்துக்கும் அந்தப் பதில் உதவும்.