மூலைமட்டமும் பி.காமும்

கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போடுகிறார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்று போட்டு நான் பார்த்ததில்லை. (பி.காம். போட்டுக்கொண்டவன் என்கிற முறையில் சொல்கிறேன். அந்தப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் அது அவ்வளவாகப் பளபளக்கவில்லை.)

பையனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது என்றால், "அடடா, மார்க் வரலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் ஃபீஸ் கிடையாது. மேற்கொண்டு மாசம் 750 ரூபாய், சைக்கிள், சீருடை, பஸ் பாஸ்!

ஃபிட்டருக்கு இரண்டு வருஷம். ஆரம்பத்தில் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவு ராவென்று ராவ வேண்டும். கை கொப்பளிக்கும். மாஸ்டர் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அரம். எங்கள் ட்ரையல் பேலன்ஸ் உதைத்தால் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் தள்ளி ஒப்பேற்றிவிடலாம். இரும்பிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து புதுப்பித்து, ரோபோவே கொண்டுவந்து வைத்தார்கள். நல்லது. அரத்தை மட்டும் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

குறுகிய காலப் பயிற்சி வேறு ரகம். 2015-ல் மத்திய அரசு பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவை ஆரம்பித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் படித்தால், பேங்க் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சைபர், இல்லாவிட்டால் காலி! குறுகிய காலப் பயிற்சி முடித்து சர்டிபிகேட் வாங்கியவர்களில் வேலைக்குப் போனது 41 சதவீதம்.

என்னைக் கேட்டால், அந்தப் பணத்தை அப்ரண்டிஸ்களுக்குச் செலவழித்திருக்கலாம். சட்டம் 1961-லேயே வந்தாச்சு. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019-ல் குறைந்தபட்சத் தொகையைப் படிப்புக்குத் தக்கபடி 5,000 முதல் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. "தேங்க்ஸ் தம்பி" என்று அனுப்பிவிட்டு அதே மெஷினில் அடுத்த பேட்ச்சை நிறுத்தினால் யாரும் கேட்க முடியாது.

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் ஆசாமிகளே, உங்கள் கம்பெனி சம்பளப் பட்டியலை ஒருதரம் புரட்டுங்கள். போன வருஷ அப்ரண்டிஸ்களில் எத்தனை பேர் பெயர் பர்மனென்ட் லிஸ்டுக்கு வந்திருக்கிறது? சைபர் என்றால் மேனேஜரிடம் கேளுங்கள். இன்க்ரிமென்ட் லெட்டர் கைக்கு வந்த பிறகு கேட்டாலும் போதும்.