தேனீ நுழையாத அறையில் தேசிக்காய்

யாழ்ப்பாணத் தீவுகளில் வளர்ந்தவர்களுக்கு ஆண்பனையும் பெண்பனையும் தனித்தனி மரங்கள் என்பது சிறுவயதிலேயே தெரிந்துவிடும். புளியங்கூடலானாலும் நெடுந்தீவானாலும், வடலி வளர்ந்து பாளை தள்ளும்வரை அது எந்தப் பால் என்று சொல்ல முடியாது; நுங்கும் பனம்பழமும் பெண்பனையில்தான் கிடைக்கும். பூவின் ஆண் பகுதியில் உண்டாகும் தூளாகிய மகரந்தம் பெண் பகுதியைச் சென்றடைவதே மகரந்தச் சேர்க்கை. திறந்த வெளியில் காற்றும் வண்டும் தேனீயும் இதைச் செய்துவிடுவதால் மனிதர் அதைக் கவனிக்க நேர்வதில்லை. மரத்தைச் சாடியில் நட்டு வீட்டுக்குள் வைத்த நாளிலிருந்து அது மனிதர் கையால் செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது.

இதற்குப் புகழ்பெற்ற முன்னுதாரணமும் ஒரு பனையினத்திலிருந்தே கிடைக்கிறது. பேர்லின் நகரின் அரச தோட்டத்தில், விசிறி ஓலை கொண்ட சிறு பனை ஒன்று நெடுங்காலமாகப் பூத்தும் காய்க்காமல் நின்றது. அது பெண்மரம் என்பதை உணர்ந்த தாவரவியலாளர் கிளெடிச், லைப்சிக் நகரிலிருந்த ஆண்மரத்தின் மகரந்தத்தை 1749இல் வரவழைத்து அதன் பூக்களில் தூவினார். மரம் காய்த்தது, விதைகளும் முளைத்தன. தாவரங்களுக்குப் பால் உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இச்சோதனை பெரும் சான்றாக அமைந்தது. வெப்பநாட்டுச் செடிகளைக் குளிர்நாட்டில் கூரையின்கீழ் வளர்க்கும் வழக்கத்துக்கும் தீவகத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. வேலணையும் ஊர்காவற்றுறையும் புளியங்கூடலும் அமைந்த தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என்று பெயரிட்டனர். 1590இல் தொடங்கப்பட்ட அந்நகரின் தாவரத் தோட்டத்தைப் பிற்காலத்தில் பொறுப்பேற்ற போல் ஹெர்மன், 1670களில் இலங்கையில் மருத்துவராகப் பணியாற்றிச் செடிகளைச் சேகரித்தவர். அவருடைய சேகரிப்பைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார்.

போரால், குறிப்பாக 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வால், தீவகத்தவர் பலர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் வாழ நேர்ந்தது. கிணற்றடியில் நின்ற தேசியையும் வேலியோரத்து அன்னமுன்னாவையும் மாதுளையையும் அங்கே சாடியில் வளர்க்க விரும்புவோர், பூ உதிரும்போதெல்லாம் தேனீ இல்லாததையே காரணமாகக் கருதுவதுண்டு. பெரும்பாலும் முதற்காரணம் வெளிச்சக் குறைவே. ரொறன்ரோவில் மார்கழி மாதப் பகல் ஏறத்தாழ 9 மணி நேரமே நீடிக்கிறது. அந்த வெயிலும் சாய்ந்து, வலுவிழந்து வருகிறது. தெற்குப் பக்கச் சன்னலும் செடிகளுக்கென விற்கப்படும் மின்விளக்கும் இல்லாமல், மகரந்தத்தைக் கையால் தடவும் தூரிகையை மட்டும் நம்புவது வீண் உழைப்பாகும். வெப்பநிலை 13 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கினால் தேசி இனங்களின் வளர்ச்சியே நின்றுவிடும்.

தேசிப்பூவை அருகில் வைத்துப் பார்த்தால் வேலை எளிதாக விளங்கும். வெண்ணிற இதழ்களுக்குள் வட்டமாக நிற்கும் மெல்லிய காம்புகள் கேசரங்கள். அவற்றின் நுனியிலுள்ள மஞ்சள் பைகளிலிருந்து மகரந்தம் வெளிப்படுகிறது. நடுவில் தடித்து நிற்கும் தண்டின் உச்சியில், பிசுபிசுப்பாக மின்னும் உருண்டையே குறி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பு. ஓவியர் பயன்படுத்தும் மென்மையான தூரிகையையோ பஞ்சுக்குச்சியையோ கேசரங்களில் தடவி, மஞ்சள் தூள் ஒட்டியதும் குறியில் மெதுவாகத் தொட்டால் போதும். நடுத்தண்டே வளராத பூக்களும் இம்மரத்தில் உண்டு. அவை எவ்வளவு தடவினாலும் காய்க்கமாட்டா. மேற்குலகக் கடைகளில் பெருமளவில் விற்கப்படும் விதையில்லாத பெரிய தேசியினமோ மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பது. ஆகவே தூரிகையை எடுப்பதற்கு முன் கையிலிருப்பது எந்த இனம் என்று அறிந்துகொள்வது நல்லது.

மாதுளையில் மணிபோல் அடி குறுகிய பூக்கள் ஆண் தொழிலை மட்டுமே செய்து உதிர்பவை. குடம்போல் அடி பருத்த பூக்களே காயாகும். முன்னதிலிருந்து தூளை எடுத்துப் பின்னதில் தடவ வேண்டும். உதிர்ந்த மணிப்பூக்களை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது அன்னமுன்னா. தமிழ்நாட்டில் சீத்தாப்பழம் எனப்படும் இம்மரத்தின் பூ, ஒரே பூவுக்குள் இரு பாலையும் கொண்டிருந்தும் இரண்டையும் ஒரே வேளையில் இயங்கவிடுவதில்லை. தடித்த மூன்று பச்சை இதழ்கள் சற்றே விலகிய நிலையில், உள்ளே குறிகள் ஈரத்துடன் மினுங்கும்போது பூ பெண்ணாக இருக்கிறது. இதழ்கள் நன்கு விரிந்து, குறிகள் உலர்ந்து, கேசரங்கள் தளர்ந்து தூளைச் சிந்தும்போது அதே பூ ஆணாகிவிடுகிறது. இயற்கையில் இதழிடுக்குக்குள் புகும் மிகச் சிறிய வண்டுகள் ஒரு பூவின் தூளை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. வீட்டில் இதைச் செய்பவர், விரிந்த பூவைச் சிறு கிண்ணத்தின்மேல் தட்டித் தூளைச் சேர்த்து, பாதி திறந்த வேறொரு பூவின் இதழை விரலால் விலக்கி, உள்ளிருக்கும் கூம்பைச் சுற்றிலும் தூரிகையால் தடவ வேண்டும். சுற்றிலும் என்பது இங்கே முக்கியம். அன்னமுன்னாவின் ஒவ்வொரு சுளையும் தனியொரு சூலகத்திலிருந்து, அதாவது விதை உருவாகும் சிற்றறையிலிருந்து, வளர்வதால், தூள் படாத பக்கம் வளராமல் பழம் கோணிப்போகும். கோணிய பழத்தைப் பார்த்தே தூரிகை எந்தப் பக்கத்தைத் தவறவிட்டதெனச் சொல்லிவிடலாம்.

தீவகத்துக் கிணறுகளின் உவர் நீரை அறிந்தவர்களுக்குச் சாடியின் விளிம்பில் படியும் வெண்படலம் உடனே புரியும். உரத்திலும் குழாய்நீரிலும் உள்ள உப்பு, வடிந்தோட வழியின்றிச் சிறு மண்ணில் தங்கிவிடுகிறது. தேசி இனங்கள் உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. அடித்துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்வரை இடைக்கிடை ஊற்றி மண்ணைக் கழுவுவதே இதற்கான வழி. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிகள் காற்றை உலர்த்துவதால், குறியின் ஈரம் காய்ந்து மகரந்தம் ஒட்டாமற்போவதும் உண்டு. உறைபனி முற்றாக நீங்கியபின் சாடியை முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலுமாக வெளியே பழக்கினால், கோடை முழுவதும் தேனீக்களே மிகுதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தேசியை விதையிலிருந்து வளர்ப்போர் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். ஒட்டுக்கன்று விரைவில் காய்க்கும். எனினும் ஊர்த்தேசியின் விதைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதுண்டு. அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே எழுபவையாதலால், குணத்தில் அம்மரத்தையே ஒத்திருக்கும். நலிந்த முளையைக் களைந்து, வலுவானதை ஆழமான சாடிக்கு மாற்றி வளர்ப்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ அந்தக் கிணற்றடித் தேசியேதான்.