பிரைம் மினிஸ்டர் ‘பிரை மின்சர்’ ஆன கதை: அணுகுண்டுக்குப் பிறகு மொழி என்னாகும்?

உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று காட்ட எக்கச்சக்க படங்கள் இருக்கு. அவங்க எப்படிப் பேசுவாங்க? பெரும்பாலும் இன்றைய ஆங்கிலம்தான். ரஸ்ஸல் ஹோபன் 1980-ல் வெளியிட்ட ‘ரிட்லி வாக்கர்’ நாவல் இங்கேதான் வேறு ரூட் எடுக்கிறது.

அணுப்போர் முடிந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட இங்கிலாந்தின் கென்ட் பகுதி. புதைந்த இயந்திரங்களை இரும்புக்காகத் தோண்டுவது அங்கே ஒரு பிழைப்பு. கதை சொல்லும் ரிட்லிக்கு வயது 12. நாவல் முழுக்க அவனுடைய தேய்ந்த ஆங்கிலம். கேன்டர்பரி ‘கேம்ப்ரி’ ஆகிவிட்டது. டோவர் ‘டூ இட் ஓவர்’, அதாவது ‘மறுபடி செய்’! பிரைம் மினிஸ்டர், நோண்டிக் கொத்துகிற ‘பிரை மின்சர்’.

எல்லாம் காமெடி இல்லை. அணுவுக்கான ஆங்கிலச் சொல்லும் ஆதாமின் பெயரும் ஒரே சொல்லாகிவிட்டன. அதனால் அணுவைப் பிளந்தது, ஒரு சின்ன மனிதனை இரண்டாகக் கிழித்த கதையாகவே இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. படிக்கச் சிரமம்தான். தங்கிலீஷ் மெசேஜ் மாதிரி வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

நாவலின் உச்சம் ஒரு துண்டுக் குறிப்பு. கேன்டர்பரி தேவாலயத்தில் புனித யூஸ்டேஸின் 15-ம் நூற்றாண்டுச் சுவரோவியம் நிஜமாகவே இருக்கிறது. 1974-ல் ஹோபன் அதைப் பார்த்ததில்தான் இந்தக் கதையே பிறந்தது. நாவலில், அந்த ஓவியத்துக்கு நம் காலத்தில் எழுதிய விளக்கம் மட்டும் தப்பிப் பிழைக்கிறது. பிரை மின்சரான குட்பார்லி அதை வரிவரியாக ‘டீகோட்’ செய்கிறார், ஏதோ கெமிஸ்ட்ரி ரெசிப்பி என்று நினைத்து! அவர் தேடுவது பழைய வெடி. கடைசியில் கந்தகம் கைக்கு வர, வெடிமருந்தும் தயாராகிவிடுகிறது.

கற்பனைதானே என்கிறீர்களா? அணுக்கழிவு புதைத்த இடத்தை 10,000 ஆண்டுகளுக்கு யாரும் தோண்டாமல் எப்படி எச்சரிப்பது என்று ஆராய, 1981-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழுவே போட்டார்கள். எந்த மொழியும் அவ்வளவு காலம் தாங்காது. அதனால் சடங்கு, கட்டுக்கதை மூலம் பயத்தைக் கைமாற்றும் ‘அணு பூசாரிகள்’ வேண்டும் என்றார் குறியியல் அறிஞர் தாமஸ் செபியோக்.

ஹோபன் நாவலில் கிட்டத்தட்ட அதே ஏற்பாடு முன்பே இருக்கிறது. உலகம் எரிந்த கதையை அரசு ஆட்கள் ஊர் ஊராகப் பொம்மலாட்டமாகக் காட்டுகிறார்கள். அந்தப் பொம்மையைக் கையில் மாட்டி ஆட்டுபவர்களில் குட்பார்லியும் ஒருவர்.