மூணு தட்டும் காலி, ஆனா சாப்பிட்டது யாரு?

எங்க வீட்ல மூணு நாய்ங்க. குண்டன் ஒரே நிமிஷத்துல தட்டை நக்கி முடிச்சிடுவான். புஜ்ஜி ஒவ்வொரு வாயா கவ்விட்டுப் போய், மிதியடி மேல வெச்சுதான் சாப்பிடுவா. மணிக்கு நான் பக்கத்துல உக்காரணும். காமெடியா இருக்கேன்னு வீடியோ எடுத்துட்டு இருந்தேன்.

ஒருநாள் மணியைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில தட்டுப்பட்டுது. தட்டு தினமும் காலியாத்தானே இருந்துது? டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். மேல்வரிசைக் கடைவாய்ப் பல் உடைஞ்சு சீழ் வெச்சிருக்கு. கெட்டியான எலும்பைக் கடிக்கும்போது இந்தப் பல் உடைவது சகஜம். சில சமயம் கண்ணுக்குக் கீழே வீங்கும். ஆனா நிறைய நாய்கள் வலியை வெளியே காட்டுவதில்லை. மணி விட்ட சோத்தைக் குண்டன் முடிச்சிருக்கான், அவ்வளவுதான். மொத்தக் கணக்கு சரி, ஆள் கணக்கு தப்பு. ஆபீஸ்ல இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே!

இப்போ தனித்தனி ரூம், கதவு மூடி, 15 நிமிஷம். மிச்சம் இருந்தா எடுத்துடுவேன், யார் தட்டுன்னு குறிச்சுக்குவேன். மாசம் ஒருதடவை தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறி, என் எடையைக் கழிச்சுப் பார்ப்பேன். குண்டனைத் தூக்க முடியாது, அவனுக்குக் கிளினிக் மெஷின்தான்.

பல்லைப் பிடுங்கியாச்சு. மணி இப்போ நான் பக்கத்துல இல்லாமலே சாப்பிடறான்.